விழுந்த பல்பு

எங்க வீட்டுல ஒரு பித்தளை டார்ச் இருந்தது. மூணு செல் போடுறது. பின்மூடியைக் கழட்டினால் ஸ்பிரிங்குக்கு நடுவில் பஞ்சு சுற்றிய ஒரு சின்ன பல்பு இருக்கும். தாத்தா வைத்தது. டார்ச் கைதவறி விழுந்தால் அவர் டார்ச்சைப் பார்க்க மாட்டார், நேராகப் பின்மூடியைத்தான் திறப்பார். விழுந்தால் பல்பு போயிடும் என்பது அவருக்கு அவ்வளவு நிச்சயம். ஆனால் புது பல்பு போட்ட வாரத்தில் நாலு தடவை போட்டு உடைத்தாலும் (நான்தான்) ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்கில் எரிந்த பல்பு, கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாலே போயிடும். இது ஏன் என்று ரொம்ப நாளாக ஒரு கேள்வி. தேடப் போனால் அது நிலக்கரிச் சுரங்கத்தில் கொண்டுபோய் விட்டது.

டார்ச்சின் பிறந்த தேதி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. டேவிட் மிசெல் என்பவர் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை 1899 ஜனவரி 10ஆம் தேதியிட்டது. நார்க்காகிதக் குழாய், உள்ளே வரிசையாகச் செல்கள், முன்னால் பித்தளைப் பிரதிபலிப்பானும் பல்பும். இன்றைய டார்ச்சின் உருவம் அப்போதே வந்துவிட்டது. கான்ராட் ஹியூபர்ட்டின் கம்பெனி அதைத் தயாரித்து, சிலவற்றை நியூயார்க் போலீஸ்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. இந்தக் கம்பெனிதான் பிறகு எவரெடி ஆனது. அப்போதைய செல்லுக்கும் கரி இழை பல்புக்கும் தொடர்ந்து எரியத் தெம்பு கிடையாது. கொஞ்சம் பளிச்சிடும், ஓய்வு கொடுக்க வேண்டும். ஃப்ளாஷ்லைட் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

கரிக்குப் பதில் டங்ஸ்டன் வந்தபோதுதான் 'விழுந்தால் என்ன ஆகும்' என்ற கேள்வி பெரிதானது. 1904இல் யூஸ்டும் ஹனமானும் ஹங்கேரியில் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அதே மின்சாரத்தில் கரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம். உருகுநிலை 3,400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எல்லாம் நல்லதுதான், ஆனால் அந்த இழையைக் கம்பியாக இழுக்க முடியாது. டங்ஸ்டன் பொடியைப் பசையோடு பிசைந்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி துளை வழியாகப் பிழிந்து, பசையை எரித்து, மிச்சத்தைச் சுட்டு இறுக்கினார்கள். கிடைத்தது இழைதான், ஆனால் சுட்ட அப்பளம் மாதிரி. வளைக்கவே முடியாது. வீட்டுக்கூரையில் தொங்கும் விளக்குக்கே இது தலைவலி என்றால், கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற விளக்குக்கு?

தீர்வு கண்டவர் வில்லியம் கூலிட்ஜ். 1905இல் ஷெனெக்டடியில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சில வருஷம் டங்ஸ்டனோடு மல்லுக்கட்டி, 1910 வாக்கில் வழி கண்டுபிடித்தார். பொடியை அழுத்திக் கட்டியாக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி, சுற்றிலும் சுத்தியலால் அடித்து அடித்து மெலியவைப்பது. மெலிய மெலியச் சூட்டைக் குறைத்துக்கொண்டே போவது. கடைசியில் வைரத்தில் துளைத்த அச்சு வழியாக இழுப்பது. முடிந்ததும் அறைவெப்பத்திலேயே வளைகிற, சுருளாகச் சுற்ற முடிகிற கம்பி கையில் இருந்தது. 1911இல் இந்தக் கம்பி போட்ட பல்புகள் விற்பனைக்கு வந்தன.

நம்ம கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கு. செம்புக் கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்தால் விறைத்துப்போகும், நெருப்பில் காட்டினால் திரும்ப இளகும். கொல்லர், தட்டார் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. டங்ஸ்டன் நேர் எதிர். அடித்து இழுக்கும்போது அதன் படிகங்கள் நார்நாராக நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, அதனால்தான் வளைகிறது. நன்றாகக் காய்ச்சினால் நார் கலைந்து பெரிய பெரிய படிகங்களாகத் திரும்ப வளர்கிறது. ஆறியபின் அந்தப் படிகங்கள் சேருமிடத்தில் டக்கென்று முறிகிறது. பல்பு எரிவது என்றால் இழை 2,000 டிகிரிக்கு மேல் காய்வதுதானே? அதாவது கூலிட்ஜ் கஷ்டப்பட்டுக் கொடுத்த வளைவைப் பல்பு எரிய எரியத் தானே இழக்கிறது. 1922இல் காப்புரிமை பெற்ற அலாடர் பாட்ஸின் முறை, பொட்டாசியம் சேர்ந்த ஒரு கலப்பால் படிகங்களை ஒன்றுக்குள் ஒன்று பூட்டினாற்போல் வளரவைத்தது. சூட்டில் இழை தொய்வது அதனால் பெருமளவு நின்றது. ஆனாலும் எரிந்து ஆறிய இழையின் முறுக்கம் முழுசாகப் போகவில்லை. தாத்தாவின் பழைய பல்பு போன காரணம் இதுதான்.

எரிந்துகொண்டிருக்கும்போது விழுந்தால் கதை வேறு. சூடான டங்ஸ்டன் முறியாது, ஆனால் மிருதுவாக இருக்கும். சுருளின் இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் குறுக்குவழியில் போய், மிச்ச இழை அதிகமாகக் காயும். பீஸ் போன பல்பைத் தட்டினால் சிலசமயம் திரும்ப எரிவதும் இந்த வகைதான். முறிந்த முனைகள் தொட்டுப் பற்றிக்கொள்கின்றன. பெரும்பாலும் இழை குட்டையாகியிருக்கும், அதனால் முன்பைவிடப் பளிச்சென்று எரியும். சின்ன வயசில் அதை நான் ரிப்பேர் என்று நினைத்துப் பெருமைப்பட்டதுண்டு. அதிக நேரம் நிற்காது.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் டார்ச், சிமென்ட் தரையில் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது வாங்கும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் 1,000 மடங்கு. சேற்றில் விழுந்து 2 சென்டிமீட்டர் புதைந்தால் 50 மடங்குதான். ஆயிரம் மடங்கையும் டார்ச் பல்பு அடிக்கடி தாங்குவதற்குக் காரணம் அதன் குட்டை இழை. அமெரிக்காவின் 120 வோல்ட், 60 வாட் வீட்டு பல்பின் இழையை நீட்டினால் கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர். இரண்டு செல் டார்ச்சுக்கான பிஆர்2 பல்பு 2.38 வோல்ட், 0.5 ஆம்பியர். இரண்டிலும் ஓடும் மின்சாரம் ஒரே அளவு, ஆகவே இழையின் தடிமனும் ஏறக்குறைய ஒன்று. நீளம் மட்டும் ஐம்பதில் ஒரு பங்கு, சுமார் ஒரு சென்டிமீட்டர். நீளமான கொடிக்கயிறு ஆடுகிற மாதிரி ஒரு சாண் கயிறு ஆடாது.

பல்பு உடைந்தால் நமக்கு இருட்டு, அவ்வளவுதான். நிலக்கரிச் சுரங்கத்தில் இருப்பவருக்கு இருட்டோடு போகாது. அங்கே கரியிலிருந்து மீத்தேன் கசிகிறது. காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். 1815இல் ஹம்ப்ரி டேவி சுடரைக் கம்பிவலைக்குள் அடைத்துக் காட்டியதிலிருந்து சுரங்க விளக்கின் கவலையே இதுதான். மின்விளக்கில் சுடர் இல்லையே, கண்ணாடிக்குள் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மேலிருந்து ஒரு கல் விழுந்து கண்ணாடி மட்டும் உடைந்தால், 2,000 டிகிரிக் கம்பி அப்படியே வாயுவுக்குள் நிற்கும்.

அமெரிக்காவில் 1907 டிசம்பர் 6 அன்று மோனோங்கா சுரங்க வெடிப்பில் அரசுக் கணக்குப்படியே 362 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் எழுந்த அழுத்தத்தில் 1910இல் சுரங்கத் துறை என்று ஒரு அரசு அமைப்பு உருவாகி, பிட்ஸ்பர்க்கில் சோதனைக்கூடம் நடத்தியது. அங்கிருந்த எச். எச். கிளார்க் என்ற பொறியாளர் 1912இல் சிறு மின்பல்புகளால் சுரங்க வாயு பற்றுவதைப் பற்றியே ஒரு தனி அறிக்கை எழுதினார். அடுத்த வருஷம் எல். சி. இல்ஸ்லியோடு சேர்ந்து இன்னொன்று. செய்த வேலை கேட்க எளிமை: வாயுவும் காற்றும் நிரப்பிய கூட்டுக்குள் எரியும் பல்பை உடைத்து, பற்றுகிறதா என்று பார்ப்பது. பற்றியது. காற்றுப் பட்டதும் டங்ஸ்டன் தானே எரிந்து வெண்புகையாகிவிடும், ஆனால் அதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

எனக்கு இந்தச் சோதனை பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. பல்பு உடையாமல் இருக்குமா என்று மட்டும் கேட்டிருந்தால், கண்ணாடியைத் தடிமனாக்கி ஒரு முத்திரை குத்தி அனுப்பியிருக்கலாம். இவர்கள் உடையும் என்றே வைத்துக்கொண்டு, அடுத்த நொடியைச் சோதித்தார்கள். விளைவு எடிசன் தொப்பி விளக்கில் தெரிகிறது. அதே துறையில் பொறியாளர்களாக இருந்த ஜான் ரயனும் ஜார்ஜ் டீக்கும், 1912இல் மேற்கு வர்ஜீனியாவின் ஜெட் சுரங்கத்தில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்குப் பிறகு, வேலையை விட்டு 1914இல் ஒரு கம்பெனி தொடங்கி எடிசனை அணுகினார்கள். இடுப்பில் பேட்டரி, தொப்பியில் விளக்கு, நடுவே ஒரு வயர். 1915இல் துறையின் அங்கீகாரம் கிடைத்தது. அந்த விளக்கில் பல்புக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். முன்கண்ணாடிக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் பல்பு அமுங்கி நிற்கும். பல்பின் கண்ணாடி உடைந்த கணமே அதன் அடிப்பாகத்தை ஸ்பிரிங் வெளியே தள்ளிவிடும், மின்தொடர்பு அறுந்துவிடும். மெல்லிய இழை உடனே ஆறிவிடும்.

இப்போதைய டார்ச் அட்டைகளில் '1 மீ' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க. 2009இல் வந்த எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரவிதி அது. குறிப்பிட்ட உயரத்திலிருந்து ஆறு திசைகளில் போட்டு, பெரிய விரிசல் இல்லாமல் திரும்ப எரிகிறதா என்று பார்ப்பார்கள். எல்இடியில் இழையே கிடையாது, அதனால் இப்போது விழுந்து கெடுவது பெரும்பாலும் பற்றாசு வைத்த இடமும் செல்லைத் தொடும் தகடும்தான்.

எடிசன் விளக்கின் பேட்டரி நிக்கல்-இரும்பு வகை. உள்ளே பொட்டாஷ் காரம். குனிந்து, தவழ்ந்து வேலை செய்கிறவரின் இடுப்பில் அது கவிழ்ந்தபடியே கிடக்கும். அது கசியாமல் பார்த்துக்கொண்டது தனிக் கதை, அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.