மோர்ஹவுஸ் கல்லூரியில் திருநம்பியர் சேர்க்கை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1867இல் தொடங்கிய மோர்ஹவுஸ், கறுப்பின ஆண்களுக்கான புகழ்பெற்ற கல்லூரி. இப்போது அட்லாண்டாவில் இயங்குகிறது. மார்ட்டின் லூதர் கிங் 1948இல் இங்குதான் பட்டம் பெற்றார். கண்ணியமும் மிடுக்கும் கொண்ட ‘மோர்ஹவுஸ் ஆண்மகன்’ என்ற இலட்சியமே இதன் பெருமை. அந்த அச்சில் அடங்காதவர்களுக்கு அது நெருக்கடியாகவும் ஆனது: 2009இல் வந்த உடை விதி, வளாகத்தில் பெண்களின் உடை அணிவதைத் தடைசெய்தது.

பத்தாண்டு கழித்து, 2019 ஏப்ரலில், ஆணாகத் தம்மை உணர்ந்து வாழும் திருநம்பியரையும் சேர்ப்பதாகக் கல்லூரி அறிவித்தது. 2020இல் அது நடைமுறைக்கு வந்தது. துணிச்சலான முடிவுதான், ஆயினும் கதவு பாதியே திறந்தது. படிப்பின் நடுவில் பெண்ணாக மாறுபவர், தனி விலக்குப் பெற்றாலன்றித் தொடர முடியாது. அருகிலுள்ள ஸ்பெல்மன் மகளிர் கல்லூரியோ, திருநங்கையரைச் சேர்க்க 2017இலேயே முடிவெடுத்தது. இடையில் ஆணாக மாறுபவரும் அங்கே படிப்பை முடிக்கலாம்.