விசேட பாடசாலையும் வீட்டு மொழியும்



வெள்ளவத்தையிற் புகையிரதமேறித் தெற்கு நோக்கிச் செல்வோர், தெஹிவளையையும் கல்கிசையையும் கடந்ததும் இரத்மலானையை அடைவர். கொட்டாஞ்சேனையில் வாழ்வோர் கோட்டை நிலையத்துக்கு வந்து அதே பாதையிற் செல்லலாம். தூரம் பெரிதன்று. ஆயினும் விழிப்புலனோ செவிப்புலனோ இல்லாத ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பாடசாலை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்பதை மைற்கல்லைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அதற்குக் காரணம் யாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

இலங்கையில் இத்தகைய பிள்ளைகளுக்கான கல்வி 1912-ஆம் ஆண்டில் முளைகொண்டது. அங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த செனானா மிசனின் ஊழியராகிய மேரி சாப்மன் அம்மையார் அவ்வாண்டிற் செவிடர் குருடர் பாடசாலையை நிறுவினார். அக்காலத்தில் வழங்கிய பெயர் அதுவே. அப்பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைகொண்டது. அதே மிசனைச் சேர்ந்த பெண்மணிகள் தமிழகத்துப் பாளையங்கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்பணியைத் தொடங்கியிருந்தனர். சாப்மன் அம்மையார் பிற்காலத்திற் பர்மாவுக்குச் சென்று, இரங்கூனிலும் செவிப்புலனற்றோருக்கு ஒரு பாடசாலை அமைத்தார்.

இக்கல்வியில் மொழிக்குள்ள இடத்தை நாம் செவ்வையாக உணர்தல் வேண்டும். ஏனைய பிள்ளைகள் தாய்மொழியைக் கற்றுக்கொண்டே பாடசாலைக்கு வருகின்றனர். பிறவியிலேயே செவிப்புலனற்ற பிள்ளைக்கோ மொழியே முதற் பாடம். 1880-ஆம் ஆண்டு மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. உலகெங்கும் பல பாடசாலைகள் அவ்வழியை நெடுங்காலம் பின்பற்றின. உதட்டசைவைக் கண்டு சொல்லை அறியும் பிள்ளை, பாடசாலையில் ஒரு மொழியையும் வீட்டில் வேறொரு மொழியையும் காணுமாயின் அதன் நிலை என்னாகும்? தாய் பேசுவது அதற்குப் புரியாது. அது பேசுவது தாய்க்கும் புரியாது. விழிப்புலனற்ற பிள்ளைக்கும், ஆறு புள்ளிகளால் அமைந்த பிரெயில் எழுத்து அதன் சொந்த மொழியில் அமைந்தாலன்றி முழுப் பயன் தராது.

1956-ஆம் ஆண்டு சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், யாழ்ப்பாணத்தை அடுத்த கைதடியில், தமிழ்ப் பிள்ளைகளுக்கென நவீல்ட் பாடசாலை எழுந்தது. வடபகுதிக் குடும்பங்களுக்கு அது பெரும் பேறு. ஆனால் தமிழ்மொழிக் கல்வியை விரும்பி அதனை நாடிய கொழும்புப் பெற்றோருக்கு, மூன்று நிலையத் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றராக நீண்டது. சிறு பிள்ளையை விடுதியிற் சேர்த்துவிட்டு, விடுமுறை வரை காத்திருக்கும் மனத்திடம் எல்லாத் தாய்மாருக்கும் வாய்ப்பதில்லை. 1990-ஆம் ஆண்டிற் போரினால் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றுபோயிற்று; 2014-ஆம் ஆண்டிலேயே அது மீண்டது. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு தலைமுறையின் பள்ளிப்பருவமாகும்.

இவற்றினும் நுண்ணிய தடையொன்று உண்டு. பழைய பாடசாலைகள் குறையொன்றைக் கொண்டு பிள்ளைகளை வகுத்தன: இவன் காணாதவன், இவன் கேளாதவன் என்றன. காணாமையும் கேளாமையும் ஒருங்கே உடைய பிள்ளைக்கு, அல்லது செவிப்புலனோடு அறிவு வளர்ச்சியும் குன்றிய பிள்ளைக்கு, எந்த வாயில் உரியது? இருபுறமும் "எங்களிடம் அதற்கு வசதியில்லை" என்ற விடை எழுதல் இயல்பு. குறைகள் பெருகப் பெருகத் தேவையும் பெருகுகின்றது, வாயில்களோ குறைகின்றன.

சட்டங்கள் வளராமலில்லை. 1945-இல் இலவசக் கல்வி வந்தது. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையங்களில் அனுமதி மறுப்பதைத் தடுத்தது. 1998 முதல் ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரை பாடசாலை செல்வது கட்டாயமாயிற்று. 2016-இல் அவ்வெல்லை பதினாறாயிற்று. சாதாரண பாடசாலைகளிலும் விசேட கல்வி அலகுகள் தோன்றின.

ஆயினும் நேயர்களே, சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே பிள்ளையின் மொழியறிந்து, அதன் கையைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர் இருத்தல் வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு தாய், காலையில் அனுப்பிய பிள்ளையை மாலையில் வீட்டிற் கண்டு, அன்று அது கற்றதைத் தன் மொழியிலேயே அறிந்து மகிழும்போதுதான் பாடசாலை உண்மையில் அருகில் இருக்கின்றது எனலாம்.