பரசுராமா (டகோட்டா வி.பி. 905)

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வகையைச் சேர்ந்த, இந்திய விமானப்படையிடம் இன்றும் பறக்கும் நிலையிலுள்ள போக்குவரத்து விமானம். அதே போரில் பெயர்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானம் டெல்லியின் பாலம் பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அசையாமல் நிற்கிறது. சரக்கும் ஆளும் ஏற்றிய டகோட்டாவோ 2024 அக்டோபர் 6 சென்னை மெரினா வான்சாகசத்தில் இடம்பெற்றது. பழைய விமானம் பறக்கும்போதுதான் ஈர்க்கிறது என்பதற்கு இதுவே சான்று. இறக்கைக்கு ஒன்றாக உள்ள 14 சிலிண்டர் எஞ்சின்கள் எழுப்பும் கரகரத்த உறுமலை எந்தக் காட்சிக்கூடமும் தராது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படையினரை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண்தான் இதன் வாலில் இருக்கிறது, விமானம் வேறு என்று சிலர் குறைசொல்வர். உண்மைதான். ஆனாலும் பறக்கவிட வேண்டியிருப்பதால்தான் பிஸ்டன் எஞ்சின் பராமரிக்கும் கைத்திறன் பிழைத்திருக்கிறது. பழைய விமானத்தைப் பறக்கவிடுவதால் எழும் விபத்து அச்சமும் நியாயமே. அதனால் அளவாகப் பறக்கவிடலாம், அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் அன்பளிப்பாக அளித்த இவ்விமானம் 2018 மே மாதம் ஹிண்டன் தளத்தில் படையில் சேர்க்கப்பட்டது.