இரண்டு விரற்கடை

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், குமுளி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் அனுமந்தன்பட்டி. விடுமுறைக்கு வந்திருந்த ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. கம்பம் ஆஸ்பத்திரி பக்கம்தான். வாசலில் என் கார் நின்றது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் செடான். 16 அங்குல ரிம்மைக் கழற்றி 18 அங்குலம் மாட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, 40 மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தேன். நம் கணக்கில் இரண்டு விரற்கடை.

தெருமுனை வேகத்தடையில் அடிப்பக்கம் தட்டி வண்டி நின்றுவிட்டது. அப்பா கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார். நான் வண்டியைக் கோணலாக ஏற்றி இறக்கிய பிறகு அந்தப் பக்கம் நடந்து வந்து ஏறிக்கொண்டார். "நோயாளிய எறக்கி விட்டுட்டுத்தான் ஒன் வண்டி போகுமாப்பா?"

அன்றைக்கு அது வெறும் வாயுத் தொல்லை என்றார்கள். திரும்பும்போது அப்பா சொன்னார்: "ஒங்க தாத்தாவும் சக்கரத்த மாத்தி வண்டியத் தாழ்த்துனவருதான்."

தாத்தாவிடம் முதலில் இருந்தது கட்டை வண்டி. குடம், ஆரக்கால், வட்டை, அதைச் சுற்றி இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகச் செய்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதே சங்கதியை நான் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தேன். சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் இருக்கும். அது அழகுக்கு இல்லை. ஒரு கல்லின் மேல் ஏற, பெரிய சக்கரத்துக்குச் சின்னச் சக்கரத்தைவிடக் குறைந்த இழுவை போதும். 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்துத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியபின், பள்ளத்தாக்கில் நெல் வயல் பெருகியது. வயலென்றால் சேறு. சேற்றுக்கும் மேட்டுக்கும் பெரிய சக்கரம்தான் தோது.

ஆனால் இரும்புப் பட்டா ரோட்டை அறுக்கும். அதிர்ச்சி முழுக்க மாட்டுக் கழுத்தில் போய் இறங்கும். அதற்கு மருந்து கண்டவர் ஒரு மாட்டு வைத்தியர் மாதிரியான ஆள்தான் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அது மறந்துபோன பிறகு, 1888இல் மறுபடி காப்புரிமை வாங்கி உலகத்துக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்தது. 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை வந்தது. பிறகு மாட்டு வண்டிக்கும் டயர் வந்தது. தாத்தா டயர் வண்டிக்கு மாறியபோது சக்கரம் சிறுத்தது, வண்டித் தட்டு தாழ்ந்தது. இருசில் பேரிங் வந்ததால் அதே ஜோடி மாடு கூடுதல் மூட்டை இழுத்தது. மூட்டையை ஏற்றுகிறவர் முதுகும் பிழைத்தது.

நான் செய்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய டயர் 205/55 ஆர்16: மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். புதியது 225/40 ஆர்18: சுமார் 637. ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நான் 'பெரிய சக்கரம்' மாட்டவே இல்லை. இரும்பைக் கூட்டி ரப்பரைக் குறைத்திருக்கிறேன். டயரின் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆகிவிட்டது. டன்லப் கொடுத்த காற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாத்தா கழற்றிப் போட்ட பட்டா பக்கமாகக் காசு கொடுத்து நடந்திருக்கிறேன்.

தாழ்த்துவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். புவியீர்ப்பு மையம் இறங்கினால் வளைவில் வண்டி சாய்வது குறையும், அது நிஜம். கலிபோர்னியாவில் மெக்சிக வம்சாவளி இளைஞர்களுக்குத் தாழ்ந்த கார் ஒரு தன்மான விஷயம். வேகமாகப் போவதற்கல்ல, மெதுவாகப் போய் ஊர் பார்க்க நிற்பதற்கு. ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் வரக்கூடாது என்று 1958இல் அங்கே சட்டம் அமலுக்கு வந்தது. 1959இல் ரான் அகீரே தன் கார்வெட்டில் விமானத்தின் ஹைட்ராலிக் பாகங்களைப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் ஏற்றுவது, போனதும் இறக்குவது. அந்தத் தடை 2024இல்தான் விலகியது. சட்டத்தை ஏமாற்றச் செய்ததுதான் என்றாலும், அந்த வண்டியால் மேட்டைக் கண்டால் எழுந்துகொள்ள முடிந்தது. என் வண்டியால் முடியாது.

இங்கே சட்டம் இன்னும் இறுக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000இல் திருத்தப்பட்ட வடிவில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை விலக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைப் படித்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. என் காசு, என் வண்டி. மாற்றவே கூடாதென்றால் தாத்தா டயர் வண்டிக்கு மாறியிருக்கவே முடியாதே என்று வாதாடினேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது: தாத்தா மாற்றும்போது மாட்டுக் கழுத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மூட்டை தூக்குகிறவரைப் பார்த்தார். நான் ஃபோட்டோவைப் பார்த்தேன்.

வேகத்தடைக்கும் அளவு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். எங்கள் தெருமுனையில் அகலம் ஒரு முழம்கூட இல்லை. அதைப் பேரூராட்சிக்கு எழுதிப் போடலாம், போடுவேன். அதுவரை அப்பா நடக்க முடியாது.

பழைய ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் மறுபடி மாட்டிவிட்டேன். கழற்றிய நாலு ரிம்மும் மாட்டுக் கொட்டத்தில், தாத்தாவின் ஒற்றை மரச்சக்கரத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறது. போன வாரம் அப்பாவை வைத்தியரிடம் காட்டக் கூட்டிப் போனேன். தெருமுனை வந்ததும் அவர் கை தன்னால் கதவுப் பிடிக்குப் போனது. வண்டி ஏறி இறங்கிய பிறகும் கொஞ்ச தூரம் கையை எடுக்கவில்லை.