மூச்சா, நாடியா?

மே மாதத்து மதுரையில் ஈதர் என்ற மயக்க மருந்தின் புட்டியைத் திறப்பது, அது புழங்கிய காலத்து டாக்டர்களுக்குப் பெரிய தொல்லை. ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். மதுரை வெயிலோ 38, 39 என்று நிற்கும். நோயாளியின் முகத்தில் வைத்த துணியில் சொட்டு விழுந்ததும் நிறையவே காற்றோடு போய்விடும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் அந்த ஆவி தீப்பற்றவும் செய்யும். அதே புட்டியைப் பழனி மலையில் வட்டக்கானலுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே 27, 28 டிகிரியிலேயே ஈதர் கொதிக்க வேண்டும். ஆனால் கோடையிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் குளிரில் அது சாதுவாகப் புட்டிக்குள் கிடக்கும்.

மலையில் வாழ்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சமவெளி இந்தியாவுக்கு வேறு மருந்து தேவைப்பட்டது.

1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டனில் மார்ட்டன் என்பவர் அறுவைக்கு ஈதர் கொடுத்துக் காட்டினார். ஐந்தே மாதத்தில், 1847 மார்ச்சில், அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் குளோரோஃபார்ம் என்ற இன்னொரு திரவத்தை முகர்ந்து பார்த்தார். அதன் கொதிநிலை 61 டிகிரி. தீப்பிடிக்காது. சிறு புட்டி போதும், சில சொட்டுகளில் ஆள் மயங்கிவிடுவார். நம் வெயிலுக்கென்றே செய்தது போன்ற மருந்து! அறுவை மேசைகள் பெரும்பாலும் அதன் வசமாயின.

ஆபத்தும் உடனே தெரிந்தது. 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தில் நியூகாசில் அருகே, ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகத்தை எடுக்க குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் இறந்துபோனாள். நகத்துக்காக ஓர் உயிர். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் டாக்டர்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள்: குளோரோஃபார்ம் முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா? மயக்கம் கொடுப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

சண்டையின் உச்சம் நடந்த இடம் ஹைதராபாத்.

அங்கே தலைமை அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் பேராசிரியர் சைமின் பள்ளியில் வந்தவர். மூச்சை மட்டும் பார், நாடியைத் தொட்டுக்கொண்டிருக்காதே என்பது அந்தப் பள்ளியின் பாடம். 1888-இல் நிஜாமின் ஆதரவோடு லாரி ஒரு குளோரோஃபார்ம் கமிஷனை அமைத்து நாய்களிடம் சோதித்தார். மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று முடிவு சொன்னார். லண்டன் ‘லான்செட்’ இதழ் ஏற்கவில்லை. நிஜாம் மகபூப் அலி கான் 1000 பவுண்டு கொடுத்து, நீங்களே ஒருவரை அனுப்பிப் பாருங்கள் என்றார். 1889-இல் லாடர் பிரண்டன் என்ற பெயர்பெற்ற மருத்துவர் கப்பலேறி வந்தார். இதயத்தில்தான் ஆபத்து என்று நம்பியவர் அவர். நூற்றுக்கணக்கான விலங்குகளுக்கு, சாகும்வரை குளோரோஃபார்ம் கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப மூச்சே முதலில் நின்றது. பிரண்டன் கட்சி மாறிவிட்டார். லாரியின் மாணவி ரூபாபாய் பர்துன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராகப் பின்னாளில் பெயர் பெற்றவர், இந்தச் சூழலில் பயின்றவர்தான்.

கண்ணால் கண்டதை அவர்கள் சரியாகவே எழுதினார்கள். ஆனால் கொலையாளி அங்கே வரவில்லை. 1911-இல் கூட்மன் லெவி என்ற ஆய்வாளர் பூனைகளிடம் சோதித்து அதைப் பிடித்தார். லேசான மயக்கத்தில், உடம்பில் அட்ரினலின் ஏறியிருக்கும்போது, இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுகின்றன. ஹைதராபாத்தில் கொடுத்ததோ நிறைய மருந்து. அதில் மூச்சுதான் போகும். ஹன்னா கிரீனர் பயந்து அழுதுகொண்டே மேசைக்கு வந்த பெண். அவள் போனது மயக்கம் ஆழமாவதற்கு முன்பே. மூச்சைப் பார் என்ற லாரியின் பாடம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். நாடியை விடு என்ற மறுபாதிதான் தவறு.

லெவியின் ஆய்வு வந்து நான்கு ஆண்டில், 1915-இல், வட்டக்கானலை ஒட்டிய கொடைக்கானலில், கோக்கர்ஸ் வாக் நடைபாதைப் பக்கத்தில் வான் ஆலன் மருத்துவமனை தொடங்கியது. மதுரை மிஷன் ஆஸ்பத்திரியை வளர்த்த டாக்டர் ஃபிராங்க் வான் ஆலனின் பெயர்தான் அதற்கு. அந்தக் காலத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் கம்பிச் சட்டத்தில் மெல்லிய துணியை மடித்து முகத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். விடுபவர் கையில் கருவி எதுவும் கிடையாது. நோயாளியின் கண்மணி, உதட்டின் நிறம், மூச்சின் ஓசை, இவ்வளவுதான்.

இந்தத் துறை பாதுகாப்பானது மெல்ல மெல்லத்தான். பீச்சர், டாட் என்ற ஆய்வாளர்கள் 10 அமெரிக்க மருத்துவமனைகளில் ஏறத்தாழ 6 லட்சம் பேரைக் கணக்கெடுத்து 1954-இல் வெளியிட்டார்கள்: 1560 பேருக்கு ஒருவர் மயக்கத்தாலோ, மயக்கமும் ஒரு காரணமாகவோ இறந்திருந்தார். இன்று வசதியான நாடுகளில், வேறு நோய் இல்லாதவருக்கு, அது லட்சத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஜப்பானில் தக்குவோ அவோயாகி 1974-இல் வெளியிட்ட தத்துவத்தில் இயங்கும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. உதடு நீலமாகும் முன்பே அது கூவி எச்சரிக்கிறது.

கொடைக்கானல் போன்ற மலையில் அந்தக் கருவி காட்டும் எண் சமவெளியைவிடச் சற்றுக் குறைவு. 2100 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் இங்கே வலுக் குறைந்தது. அறுவை முடிந்து தூக்கக் கலக்கத்தில் கிடப்பவருக்கு முகமூடி ஆக்சிஜனைச் சமவெளியில் எடுப்பது போல் அவசரமாக எடுத்துவிட முடியாது.

வட்டக்கானலுக்குக் கீழே, டால்பின் மூக்கு என்ற பாறையைத் தாண்டிய சரிவில் வெள்ளக்கெவி என்ற ஊர் இருக்கிறது. நோயாளியை டோலியில் தூக்கி வட்டக்கானல் வரை ஏறிவந்து, அங்கிருந்து வண்டி பிடிப்பதுதான் அந்த ஊர்க்காரர்களின் நெடுங்கால வழக்கம். பிரசவ வலியோடு அப்படி வந்து சேரும் பெண்ணிடம் மயக்க டாக்டர் முதலில் கேட்பது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்றுதான். முழு மயக்கத்தில் வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதை 1946-இல் மெண்டல்சன் என்ற மருத்துவர் பிரசவ மேசைகளிலேயே காட்டினார். அதனால்தான் சிசேரியனுக்கு இன்று பெரும்பாலும் முதுகில் ஊசி போடுகிறார்கள். தாய் விழித்தபடியே இருப்பாள்.

அந்த ஊசியைப் போட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து கவனிக்க ஆள் வேண்டும். மயக்க மருத்துவர் கிடைக்காத ஊர்களுக்கென்று எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வார அவசர மயக்க மருத்துவப் பயிற்சியை மத்திய அரசு வகுத்தது. மலை ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அப்படிப்பட்டவர்கள் இரவு பகலாகக் கிடைக்க வேண்டும். இல்லாத இரவில் வெள்ளக்கெவியிலிருந்து ஏறிவந்தவர், தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ கொண்டை ஊசி வளைவுகளில் மறுபடி இறங்க வேண்டியிருக்கும்.