லத்தீனில் குடியேறிய வெட்டிவேர்

1768-ஆம் ஆண்டில், டேனிஷ்காரர்களின் கொடி பறந்துகொண்டிருந்த தரங்கம்பாடித் துறையில் வந்து இறங்கிய யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவருக்கு, ஹாலே நகரத்து மிஷனரிமாரின் காய்ச்சலையும் வயிற்றுக்கடுப்பையும் குணப்படுத்துவதே உத்தியோகம். ஆயினும், ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் லின்னேயஸின் காலடியில் அமர்ந்து தாவர சாஸ்திரம் பயின்ற அந்த மனிதருக்கு, நோயாளிகளைக் காட்டிலும் கடற்கரை மணலிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைத்துக் கிடந்த செடிகொடிகளே கண்ணை உறுத்தின. மிஷன் கொடுத்த சம்பளம் இந்த ஆசைக்குப் போதாமற் போகவே பிற்பாடு ஆற்காட்டு நவாபின் சேவகத்தையும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவகத்தையும் ஏற்றுக்கொண்ட அவர், 1785-ல் ஆந்திரக் கரையில் உயிர் நீங்கும்வரை, காயவைத்த செடிகளைக் காகித மடிப்பில் வைத்துக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்புவதை நிறுத்தவேயில்லை. நம் நாட்டுப் புற்களில் பலவற்றின் லத்தீன் நாமகரணம் இவர் அனுப்பிய மூட்டைகளிலிருந்து தொடங்குகிறது என்பதால்தான், வெட்டிவேரின் கதையை இவரைக்கொண்டே தொடங்கினேன்.

சீடர்களும் நண்பர்களும் உலகின் பல மூலைகளிலிருந்து அனுப்பியவற்றை ஒழுங்குபடுத்தி லின்னேயஸ் 1771-ல் வெளியிட்ட ‘மண்டிஸ்ஸா பிளாண்டாரும் ஆல்டெரா’ என்ற அனுபந்த கிரந்தத்தில், இந்தியச் செடிகள் ஏராளமாக இடம்பெற்றன. நம் வீட்டுக் கறிவேப்பிலைக்கு ‘பெர்கெரா கோனிகியை’ என்று நாமம் சூட்டிச் சீடனை ஆசிரியர் கௌரவித்ததும் இதே நூலில்தான். அந்நூலின் 183-ஆம் பக்கத்தில், ஆரவாரம் எதுவுமின்றி, ‘பலாரிஸ் ஸிஸானியாய்டஸ்’ என்ற பெயரோடு ஒரு புல் நிற்கிறது. அதுதான் வெட்டிவேர்.

பெயரின் முதற் பாதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மகரந்தக் கேசரங்களையும் சூல்தண்டுகளையும் எண்ணியே செடிகளை வர்க்கங்களில் அடைத்த லின்னேயஸின் முறையில், மூன்று கேசரமும் இரண்டு சூல்தண்டும் உடைய புற்களெல்லாம் ஓரிடத்தில் குவிந்தன. பறவைகளுக்கு இரையாகும் தானியத்தைத் தரும் பலாரிஸ் அக்கூட்டத்தில் ஒன்று. ஆண்பூவும் இருபால் பூவும் கலந்த ஆண்ட்ரோபோகன் முதலிய புற்களையோ அவர் வெகுதூரத்தில், வேறொரு வர்க்கத்தில் வைத்திருந்தார். வெட்டிவேரின் சிறுகதிர்கள் ஜோடி ஜோடியாய் நிற்பதையும், அவற்றுள் காம்பில்லாதது இருபாலாகவும் காம்புள்ளது ஆணாகவும் இருப்பதையும் ஊன்றிக் கவனித்திருந்தால், அதை அவர் பலாரிஸோடு சேர்த்திருக்க மாட்டார். உலர்ந்த ஒரு கதிரை வைத்துக்கொண்டு உலகத்துப் புல்லையெல்லாம் அளக்க நேர்ந்தவரிடம் நாம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இரண்டாம் பாதி சுவையானது. ‘ஸிஸானியாய்டஸ்’ என்றால் ஸிஸானியாவைப் போன்றது. ஸிஸானியா என்பது வட அமெரிக்க நீர்நிலைகளில் வளரும் காட்டரிசிக்கு லின்னேயஸ் 1753-ல் வழங்கிய பெயர். அந்தச் சொல்லையும் அவர் புதிதாகப் படைக்கவில்லை. கோதுமை வயலில் பகைவன் தூவிச் சென்றதாக ஏசுநாதர் உவமை கூறிய களையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஆகவே, விவிலியத்துக் களை அமெரிக்க அரிசியாகி, அந்த அரிசியின் சாயல் இந்திய வாசனைப் புல்லுக்கு அடைமொழியாயிற்று. ‘ஆற்றங்கரையில் வளர்வது’ என்பதே இதன் பொருள் என்று இக்காலத்து நூல்கள் சில எழுதுகின்றன. புல் ஆற்றங்கரையில் வளர்வது மெய்யே, ஆனால் அந்தப் பொருள் அந்தப் பெயருக்குள் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. கோனிக் அனுப்பிய மூட்டைகள் லின்னேயஸிடம் மட்டுமல்ல, லுண்ட் நகரத்துப் பேராசிரியர் ரெட்சியஸிடமும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. அவர் 1783-ல் வெளியிட்ட தாவரக் குறிப்புகளின் மூன்றாம் பகுதியில் இஞ்சி, மஞ்சள் இனத்துச் செடிகளைப் பற்றிக் கோனிக் எழுதிய வருணனைகளே தனி அத்தியாயமாக அச்சேறியிருக்கின்றன. அதே பகுதியில் வெட்டிவேரை ‘ஆண்ட்ரோபோகன் முரிகேட்டஸ்’ என்று ரெட்சியஸ் வருணித்தார். இதே புல்லுக்கு லின்னேயஸ் ஏற்கெனவே பெயரிட்டுவிட்டார் என்பது அவர் நினைவில் எழவில்லை. பலாரிஸின் நடுவே போய் வெட்டிவேரைத் தேட யாருக்குத்தான் தோன்றும்? முரிகேட்டஸ் என்றால் முட்சங்கைப் போலச் சொரசொரப்பானது. சிறுகதிரின் உமிமீது வரிசையாக நிற்கும் நுண்ணிய முட்களை ஒருமுறை பூதக்கண்ணாடியில் கண்டவர்கள், இந்தப் புல்லுக்கு வந்த பெயர்களுள் இதுவே மிகப் பொருத்தமானது என்பதை ஒப்புக்கொள்வார்கள். அடியேனுடைய அபிப்பிராயமும் அதுவே. கோனிக்கோடு பழகிச் சாமல்கோட்டையில் தோட்டம் வளர்த்த ராக்ஸ்பரோவும் இந்தப் பெயரையே தம் நூலில் எடுத்தாண்டார். அவருக்குப்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வைத்திய நூல்களிலும் வர்த்தகக் கையேடுகளிலும் வெட்டிவேர் முரிகேட்டஸாகவே வாழ்ந்தது. லின்னேயஸ் இட்ட பெயர் தூசிபடிந்து கிடந்தது.

இதற்கிடையில்தான், தமிழர்க்குப் பெருமை தரத்தக்க ஒரு காரியம் எவருடைய முயற்சியுமின்றி நடந்தேறியது. புதுச்சேரிக்கும் இந்து மகாசமுத்திரத்தின் தென்மேற்கிலுள்ள மஸ்கரீன் தீவுகளுக்கும் இடையே பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் பிரெஞ்சுக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. புதுச்சேரிக் கொத்தர்களும் தச்சர்களும் மொரீஷியசில் நகரம் எழுப்பச் சென்றிருந்தார்கள். அந்தப் போக்குவரத்தில் புல்லின் தூரோடு அதன் தமிழ்ப் பெயரும் கப்பலேறியதென்று கொள்வதில் தவறில்லை. ஏனெனில் பிரெஞ்சுக்காரர் நாவில் வழங்கிய ‘வெட்டிவேர்’, வடநாட்டார் வழங்கும் ‘கஸ்’ என்ற பெயரின் சாயலோ, சம்ஸ்கிருத ‘உசீர’த்தின் சாயலோ சிறிதும் இல்லாத சுத்தத் தமிழ். 1801-ல் ஒரு கடற்பயணக் குழுவிலிருந்து மொரீஷியசில் விலகி, ரீயூனியன் தீவின் எரிமலைகளில் ஏறி இறங்கி, பிற்காலத்தில் நெப்போலியனின் படையில் அதிகாரியாகவும் விளங்கிய போரி த சேன்-வன்சான், இப்புல்லை ஆண்ட்ரோபோகன் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கத் துணிந்தபோது, கிரேக்கத்தையும் லத்தீனையும் தேடிப் போகாமல், கேட்ட சொல்லின் வாலில் ஒரு லத்தீன் விகுதியை மட்டும் ஒட்டினார். பாரிஸ் பிலோமாதிக் சங்கத்தின் 1822-ஆம் வருஷத்துச் சஞ்சிகையில், லெமேர்-லிஸான்கூர் என்பவரின் எழுத்து வாயிலாக ‘வெட்டிவேரியா’ என்ற பேரினப் பெயர் பிரசுரமாயிற்று.

பிரசுரமானதே தவிர, உடனே பிரசித்தியாகிவிடவில்லை. ஆஸ்திரியாவின் சாங்க்ட் பெல்ட்டன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே உலகத்தின் தலைசிறந்த புல்லறிஞர்களுள் ஒருவராக உயர்ந்த எடுவார்ட் ஹேக்கல், 1889-ல் வெளியிட்ட பெருநூலில், தனித்தனியே நின்ற பேரினங்கள் பலவற்றை ஆண்ட்ரோபோகன் என்ற ஒரே கூரையின்கீழ் அடக்கினார். வெட்டிவேரியா அதில் ஓர் உட்பிரிவாகச் சுருங்கியது. அதோடு நிற்காமல், ரெட்சியஸின் பெயரைவிட ஓராண்டு மூத்ததும், லின்னேயஸின் புதல்வர் 1782-ல் இட்டதுமான ‘ஆண்ட்ரோபோகன் ஸ்குவாரோசஸ்’ என்பது இதே புல்தான் என்று முடிவுகட்டி, அந்தப் பெயரையே சூட்டிவிட்டார். கியூ தோட்டத்து ஹூக்கர் 1896-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரநூலில் புற்களை எழுதியபோது இதை அப்படியே ஏற்றுக்கொண்டதால், சர்க்கார் அறிக்கைகளிலெல்லாம் நம் வெட்டிவேர் சிலகாலம் ஸ்குவாரோசஸாக உலவிற்று. பிற்பாடு மூலச்செடியை எடுத்துப் பார்த்தபோது அது வெட்டிவேரே அல்ல, நீரில் வாழும் வேறொரு புல் என்பது வெளியாயிற்று. இப்போது அது சூடோராபிஸ் என்ற பேரினத்தில் இருக்கிறது. சாட்சியை நேரில் காணாமல் தீர்ப்பெழுதினால் எத்தகைய மேதைக்கும் இந்தக் கதிதான்.

மீட்சி வந்த விதத்தை விளக்க, அக்காலத்துப் பெயரிடும் பிரமாணங்களை ஒரு வார்த்தை தொட வேண்டும். ஒரு புல்லைப் பேரினம் விட்டுப் பேரினம் மாற்றும்போது அதன் மிகப் பழைய சிற்றினப் பெயர் கூடவே போக வேண்டும் என்பது ஒரு கட்சி. மாற்றியபின் புதிய பேரினத்துக்குள் எது மூத்ததோ அதுவே போதும், அதற்கு முந்திய சரித்திரத்தைக் கிளற வேண்டியதில்லை என்பது கியூ தோட்டத்தார் நெடுங்காலம் கைக்கொண்ட வழக்கம். முதற் கட்சியைத் தீவிரமாகப் பற்றி நின்றவர்கள் அமெரிக்கர்கள். ஆகையால், லூசியானா முதலிய தென் மாகாணங்களில் பயிராகிக்கொண்டிருந்த வெட்டிவேரை, 1903-ல் வெளிவந்த தென்கிழக்கு அமெரிக்கத் தாவரநூலில் சேர்க்க நேர்ந்த நியூயார்க் தாவரத் தோட்டத்து ஜார்ஜ் நாஷ், 1771-ஆம் வருஷத்து அடைமொழியைத் தூசி தட்டி எடுத்து, போரியின் பேரினத்தோடு இணைத்து ‘வெட்டிவேரியா ஸிஸானியாய்டஸ்’ என்று எழுதினார். அதே ஆண்டில் பெர்லினில் உர்பன் என்பவரும் அந்த அடைமொழியைத் தோண்டியெடுத்து, ஆனால் ஆண்ட்ரோபோகனோடு ஒட்டினார் என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. மூன்று ஆண்டு கழித்துக் கியூவின் ஓட்டோ ஸ்டாப், இந்தியா இலங்கை ஆகிய நாடுகளின் எண்ணெய்ப் புற்களைப் பற்றி ஒரு நீண்ட ஆராய்ச்சியை எழுதி, ஸ்குவாரோசஸ் குழப்பத்தைத் தீர்த்து, வெட்டிவேரியா என்ற பேரினத்தைத் திரும்ப நிலைநாட்டினார். எலுமிச்சம்புல், காவட்டம்புல் முதலியவற்றின் எண்ணெய்களோடு வெட்டிவேர்த் தைலத்தையும் கலக்கித் தத்தளித்த வியாபாரிகளுக்கும், பெயர்களைக் கலக்கித் தத்தளித்த சாஸ்திரிகளுக்கும் ஒருங்கே வழிகாட்டிய கட்டுரை அது. புல் சாஸ்திரத்தில் நான் பெரிதும் மதிக்கும் எழுத்துகளுள் அதற்கு முதலிடம்.

இங்கே வாசகர்களில் தஞ்சை வட்டாரத்தார் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். பூமாலைகளில் சேர்த்துக் கட்டப்படும் வெட்டிவேர் புல்லின் வேரே அல்லவே, அது துளசி குடும்பத்துச் செடியொன்றின் வேராயிற்றே என்று அவர்கள் கேட்டால், அதில் முழு நியாயம் உண்டு. அந்தப் பக்கத்தில் பயிராகும் அச்செடிக்கும் வெட்டிவேர் என்றே பெயர். புல்லின் வேரை விலாமிச்சை என்று பிரித்துச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. மலையாளத்தார் அச்செடியை இருவேலி என்றும், புல்லை ராமச்சம் என்றும் குழப்பமின்றி அழைக்கிறார்கள். 1941-ல் ஜேக்கப் என்ற தாவர சாஸ்திரி அந்தச் செடியை வருணித்துக் ‘கோலியஸ் வெட்டிவேராய்டஸ்’ என்று பெயரிட்டார். ஒரு தமிழ்ச் சொல் இவ்வாறு இரண்டாம் முறையாக லத்தீனில் ஏறியது. இம்முறை இரட்டை டகர ஒலி குறையாமல் ஏறியது என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தி.

இனி, வீழ்ச்சிக்கு வருவோம். போரிக்கு இரண்டு வருஷம் முந்தி, 1820-ல், ரஷ்யத் தலைநகரில் வாழ்ந்த காரல் பெர்ன்ஹார்ட் டிரினியஸ், ‘பொன்தாடி’ என்று பொருள்படும் கிரைசொபோகன் என்ற பேரினத்தை அமைத்திருந்தார். ஹோமியோபதி வைத்தியத்தைக் கண்ட ஹானிமானின் மருமான் அவர். மருத்துவர், கவிஞர், புல்லறிஞர் என்று மூன்று முகம் உடையவர். நடந்து போனால் வேட்டியில் தைத்து உயிரை வாங்கும் ஒட்டன்புல் அவருடைய பேரினத்தைச் சேர்ந்ததே. கதிர்க்கிளையின் நுனியில் ஒரு காம்பிலிச் சிறுகதிரும் இரண்டு காம்புச் சிறுகதிர்களுமாக மும்மூன்றாய் மட்டும் நின்றால் கிரைசொபோகன், கிளை நெடுகப் பல ஜோடிகள் அடுக்கி நின்றால் வெட்டிவேரியா என்று கண்டதே இரண்டுக்கும் உள்ள எல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் புற்களைச் சேர்க்கச் சேர்க்க, இரண்டு ஜோடி, மூன்று ஜோடி என்று நடுவழியில் நிற்பவை பெருகி அந்த எல்லைக்கோடு அழியலாயிற்று. 1960-ல் ராபர்ட்டி என்ற பிரெஞ்சு அறிஞர் ‘கிரைசொபோகன் ஸிஸானியாய்டஸ்’ என்று எழுதியபோது கவனித்தவர்கள் சிலரே. 1986-ல் வெளிவந்த கியூவின் பேரினத் தொகுதிகூட வெட்டிவேரியாவைத் தனியாகவே வைத்தது. ஆனால் ஹாலந்தின் லெய்டனைச் சேர்ந்த வெல்ட்காம்ப், 1999-ல் ஆஸ்திரேலியச் சஞ்சிகை ஒன்றில் இரண்டையும் விரிவாக ஒப்பிட்டு ஒரே பேரினமாக்கியதும், உலகத்தின் தாவர நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் பக்கம் சாய்ந்தன. இணைத்தால் மூத்த பெயரே நிற்க வேண்டும். 1820 மூத்தது, 1822 இளையது. கிரைசொபோகனைவிடவும் முந்திய பெயர்கள் இருந்தும், பழகிய பெயர் என்ற காரணத்தால் சர்வதேச விதிகள் அதற்குப் பாதுகாப்பு அளித்து அவற்றை ஒதுக்கிவைத்திருக்கின்றன. அந்தச் சலுகை வெட்டிவேரியாவுக்குக் கிடைக்கவில்லை. சிறுகதிர்களின் சாட்சியம் வெல்ட்காம்ப் பக்கமே இருக்கிறது என்பதால், தமிழ்ச் சொல் போயிற்றே என்று நாம் வழக்காட இடமில்லை.

பெயர்கள் இப்படி மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் புல் மாறாமலே இருந்தது. தென்னாட்டு வெட்டிவேர் விதை வைத்துப் பரவுவதில்லை. தூரைப் பிரித்து நட்டே அதை வளர்க்க வேண்டும். பத்தடி ஆழம்வரை செங்குத்தாக இறங்கும் அதன் வேர்களை நம்பி மண்ணரிப்பைத் தடுக்க உலகெங்கும் நட்டிருக்கும் வெட்டிவேர்களை, 1990-களின் பிற்பகுதியில் மரபணு ஆராய்ச்சிக்கு உட்படுத்தியபோது, தெற்காசியாவுக்கு வெளியே கிடைத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரே தூரின் சந்ததி என்று தெரியவந்தது. அந்த வகைக்கு, லூசியானாவிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரால் ‘சன்ஷைன்’ என்று பெயர். பாரிஸின் அத்தர்க் கடைகளும் ஹெய்ட்டி, ஜாவா, ரீயூனியன் தீவுகளின் தைல வியாபாரிகளும் லெய்டனின் தீர்ப்பைப் பொருட்படுத்தாமல் இன்றும் ‘வெட்டிவேர்’ என்றே பீப்பாய்களில் எழுதுகிறார்கள்.

டிரினியஸின் ஒட்டன்புல்லை மேலே ஒரு வரியில் கடந்து வந்தோம். அதற்கும் முதலில் பெயரிட்டவர் ரெட்சியஸே. கால்நடைகளின் உரோமத்திலும் மனிதரின் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு கடல் கடந்த அந்தப் புல்லின் கதையை அடுத்த இதழில் தனியே பார்க்கலாம்.