யாருடைய வாசல் அது?

1948 டிசம்பர் 9. அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஒரு பிரிவைக் காட்டி, இதுதான் சட்டத்தின் உயிர், இதயம் என்றார். இன்றைய 32ஆவது பிரிவு அது. அடிப்படை உரிமை பறிபோனால் சேரிக்காரனும் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்படிப் போவதே ஓர் அடிப்படை உரிமை.

வாசல் திறந்திருக்கு, சரி. உள்ளே இருக்கிற அதிகாரம்?

2018 மார்ச் 20இல் இரண்டு நீதிபதிகள் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைவைத்தார்கள். வழக்குப் பதியும் முன் டிஎஸ்பி விசாரிக்கலாமாம். கைது செய்ய மேலதிகாரி எழுத்தில் ஒப்புதல் தரணுமாம். அடிபட்டவன் ரத்தம் காயும் முன்னே அவன்மேலேயே சந்தேகம்! நாடாளுமன்றம் எழுதாத நிபந்தனைகள் இவை.

ஏப்ரல் 2இல் வடநாட்டுத் தெருக்கள் கொதித்தன. எங்க சனத்தில் பலர் செத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்த நிபந்தனைகளை நீக்கியது. 2019 அக்டோபர் 1இல் மூன்று நீதிபதிகள், முழு நீதி வழங்கத் தந்த 142ஆவது பிரிவு சட்டம் இயற்றும் வேலை வரைக்கும் நீளாது என்று சொல்லி, அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்த வரலாற்றில் நான் படிப்பது இதைத்தான்: உச்ச நீதிமன்றத்தின் எல்லை சட்டத்திலேயே எழுதியிருக்கு. அதை ஞாபகப்படுத்தத்தான் எங்க சனம் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கு.